மௌனப்பட பாணிச் சிரிப்புக் குறும்படம்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மௌனப்பட பாணியில் எடுத்த சிரிப்புக் குறும்படங்களைக் கொண்டுவந்து 'எங்கோ சரியில்லை, பார்த்துத் தாருங்கள்' என்று மாணவர்களும் குறும்படக் குழுவினரும் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கதைகள் ஆளுக்கு ஆள் மாறினாலும் கோளாறுகள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாமல் தீரும் காரணம் முதலிலும், மறுபடி படம்பிடிக்க வேண்டிய காரணம் கடைசியிலும் வரும். வரிசை மாறாமல் சோதித்தால் வீண் செலவு குறையும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு சோதனை

எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கும் டைம்லைனை நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலிலிருந்து கறுப்பு வெள்ளை, கீறல், வேக மாற்றம், இசை அனைத்தையும் நீக்கிவிடுங்கள். எடுத்த வண்ணத்தில், எடுத்த வேகத்தில், ஒலியே இல்லாமல், கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் ஓரிடத்திலாவது சிரித்தால் படம் பிழைத்துக்கொள்ளும். எஞ்சிய கோளாறுகள் பெரும்பாலும் கணினியிலேயே தீரும். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை என்றால் கோளாறு கேமராவுக்கு முன்னால் நடந்ததில் இருக்கிறது, அதைக் கீறல் ஃபில்டராலும் பியானோ இசையாலும் மூட முடியாது. என்னிடம் வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் எடுத்தவர்கள் எல்லோரும் கேட்பது பழைய படம் போலக் காட்டும் எஃபெக்ட் எது என்பதைத்தான்.

## அறிகுறி: யாரும் சிரிக்கவில்லை

### பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை

சோதனைக்குக் காட்டியவரிடம் 'இப்போது என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் தயங்கினால், காரணமும் விளைவும் வெவ்வேறு ஷாட்டுகளில் பிரிந்து கிடக்கின்றன என்று பொருள்.

ஓர் உதாரணம். விடுதி வராந்தாவில் சோப்புத் தண்ணீர் சிந்தியிருக்கிறது, ஒருவன் வழுக்கி விழுகிறான். குழுவினர் இதை நான்கு ஷாட்டுகளாக எடுத்திருந்தார்கள்: தரையில் தண்ணீர், நடக்கும் செருப்பு, அதிரும் முகம், விழுந்து கிடக்கும் உடம்பு. நான்கும் நன்றாகவே படமாகியிருந்தன, ஆனால் விழுதல் என்ற ஒன்று எங்குமே நடக்கவில்லை. அது ஷாட்டுகளுக்கு நடுவே காணாமல் போயிருந்தது. மறுபடி எடுத்தபோது கேமராவை வராந்தாவின் ஒரு முனையில் ட்ரைபாடில் நிறுத்தி, தண்ணீரை முன்பக்கம் இடது ஓரத்தில் பளபளவென்று தெரியும்படி ஊற்றி, நோட்டுக் கட்டு முகத்தை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கியிருக்க அவனைத் தூரத்து முனையிலிருந்து நடந்து வரச் செய்தோம். தண்ணீர் இருப்பது பார்ப்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அவன் வந்துகொண்டே இருக்கிறான். அவன் பாதி வழி வருவதற்குள்ளேயே சிரிப்பு தொடங்கிவிட்டது.

ஆகவே பார்க்க வேண்டியவை இவை. கட்டத்தின் முதல் ஃபிரேமை, அதாவது முதல் ஒற்றைப் படத்தை, நிறுத்திப் பாருங்கள்: விழப்போகிறவரும் விழவைக்கப்போகும் பொருளும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றனவா? நடிகரின் உச்சந்தலையும் பாதமும் தெரிகின்றனவா? பாதம் வெட்டுப்பட்ட விழுதலுக்குப் பாதிச் சிரிப்புதான் கிடைக்கும். பின்னணி நிறைந்து கிடக்கிறதா? போஸ்டர் ஒட்டிய சுவருக்கு முன்னால் கோடு போட்ட சட்டை அணிந்தவர் விழுந்தால் கண்ணுக்கு அவர் அகப்படவே மாட்டார். வெறும் சுவர், அதற்கு எதிர்நிறத்தில் உடை என்பது போதும். பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத 4K அளவில் எடுத்திருந்தால், முழு இடமும் தெரியும் வைட் ஷாட் ஒன்று எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பார்த்து அதை மட்டும் வைத்துக் கட்டத்தை மீட்கலாம். இல்லையென்றால் மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

### என்ன நடந்தது என்று புரிகிறது, ஆனாலும் சிரிப்பு இல்லை

இந்த நோய்க்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 1895-இல் லூயி லூமியேர் எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான தோட்டக்காரர் படம் அது. தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதித்துக்கொண்டு நிற்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். சிறுவன் காலை எடுக்கிறான். இத்தனையும் ஒரே ஷாட்டில் நடக்கின்றன. பிறகு சிறுவனைத் துரத்திப் பிடித்த தோட்டக்காரர், பிடித்த இடத்திலேயே அடிக்காமல் அவனைக் கேமராவுக்கு முன்னால் இழுத்து வந்து அடிக்கிறார். சினிமா பிறந்த ஆண்டிலேயே, எங்கே நின்று அடித்தால் தெரியும் என்பதை எடுத்தவர் அறிந்திருக்கிறார்.

உங்கள் கட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். விழுவதற்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். பார்ப்பவர் 'தெரியவில்லை' என்றால் ஆயத்தம் போதவில்லை. தண்ணீரையோ பள்ளத்தையோ ஏணியையோ முன்கூட்டியே அவர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். துல்லியமாகச் சொல்லிவிட்டார், நடந்ததும் அச்சு அசல் அதுவேதான் என்றால் திருப்பம் போதவில்லை. வழுக்கும் இடத்தை அவன் கடைசி நொடியில் பார்த்து, சாமர்த்தியமாகத் தாண்டி, அந்தப் பெருமையில் தலை நிமிர்ந்து நடந்துபோய் அடுத்த தூணில் மோதினால் கட்டம் நிமிர்ந்துவிடும். ஒரே சேட்டை மூன்று முறை வருகிறது என்றால், முதலிரண்டும் ஒன்றுபோல் இருந்து மூன்றாவது மாறியிருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் இரண்டாவதை வெட்டிவிடுங்கள்.

### சிரிப்பு எழுகிறது, உடனே அமுங்கிவிடுகிறது

வெட்டு முந்திவிட்டது. அடி விழுந்த பிறகு, அடிபட்டவர் திரும்பி என்ன செய்கிறார் என்பதில்தான் இரண்டாவது சிரிப்பு இருக்கிறது. எடிட்டர்கள் அடி விழுந்ததுமே அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுகிறார்கள். வெட்டை அரை நொடி பின்னால் தள்ளிப் பாருங்கள், பிறகு இன்னும் அரை நொடி. அத்தனை நீளத்துக்கு ஷாட்டே இல்லை என்றால், இயக்குநர் அவசரப்பட்டு 'கட்' சொல்லியிருக்கிறார். அடுத்த படப்பிடிப்பில் கட்டம் முடிந்த பின்னும் ஐந்து எண்ணும் வரை கேமரா ஓடட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; நடிகர்கள் செய்வதறியாமல் செய்யும் சிறு அசைவுகளில் நல்ல முடிவுகள் கிடைக்கும்.

### சிரிப்புக்குப் பதில் பரிதாபம் வருகிறது

ஒலியில்லாத படத்தில் அகலத் திறந்த வாய் அலறலாகத் தெரியும், அலறல் வலியாகத் தெரியும். விழுந்தவர் வாயைத் திறக்கும் ஃபிரேம்களை வெட்டிப் பாருங்கள். அவர் எழுந்து தொப்பியைத் தட்டிக்கொள்வதோ, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பதோ ஷாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் பார்ப்பவருக்குச் சிரிக்க அனுமதி கிடைக்கிறது. இவற்றால் தீரவில்லை என்றால் விழும் ஆளே தவறு. மெலிந்த முதியவரும் பசித்த குழந்தையும் விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்; கஞ்சி போட்ட சட்டையும் விறைத்த நடையுமாக வரும் மேலாளர் விழட்டும்.

### எல்லாம் சரி, நடிகரின் உடம்பு ஒத்துழைக்கவில்லை

இதற்குக் கணினியில் வேலை இல்லை. வசனம் பேசி நடிக்கக் கற்றவர்களுக்கு உடம்பால் நிறுத்தி, திரும்பி, தாமதித்து நடிப்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. இந்த இடத்தில் வெளியாள் ஒருவரை அழையுங்கள். பேசாமல் உடம்பால் மட்டும் நடிக்கும் மைம் கலைஞர் கிடைத்தால் நல்லது. அவரைவிடத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேடம் கட்டுபவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. இரவு முழுவதும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்படி உடம்பால் சிரிக்கவைப்பது அவருடைய தொழில். ஒரு பிற்பகல் ஒத்திகையிலேயே வித்தியாசம் தெரியும்.

## அறிகுறி: அசைவு பொம்மை ஆட்டம் போலவோ, துண்டு துண்டாகவோ தெரிகிறது

வேகம் அதிகம். மௌனப்படக் காலத்துக் கேமராவில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டு ஃபிரேம் ஓடும்; நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம் என்பது பொதுக் கணக்கு. சிரிப்புப் படங்களில் துரத்தல் வந்தால் ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே கையை மெதுவாகச் சுற்றுவார்; திரையில் அது விரைவாக ஓடும். ஆனால் படம் முழுவதையும் அப்படிச் சுற்றவில்லை. நீங்களும் படம் முழுவதற்கும் 200 சதவீதம் வைக்காமல், ஷாட் ஷாட்டாக 115 முதல் 135 சதவீதத்துக்குள் வைத்துப் பாருங்கள். காத்திருக்கும் கட்டங்களுக்கு எடுத்த வேகமே போதும்.

பின்னணி காட்டிக்கொடுக்கிறது. நடிகர்மேல் வேகம் இயல்பாக இருந்தாலும் மின்விசிறி, சாலையில் போகும் ஆட்டோ, கொடியில் காயும் துணி, ஊதுபத்திப் புகை ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும். நிறுத்த முடிந்ததை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். எடுத்தாகிவிட்டது என்றால் ஃபிரேமைச் சற்றுப் பெரிதாக்கி அவற்றை வெளியே தள்ள முடிகிறதா என்று பார்க்கலாம்.

கணினி ஃபிரேம்களைக் கலக்கிறது. கை அசையும்போது அதன் பின்னால் மங்கலாக இன்னொரு கை தெரிந்தால், வேகம் மாற்றும் இடத்தில், ஃபிரேம்களைக் கலந்து இடைப் படங்களை உண்டாக்கும் ஃபிரேம் பிளெண்டிங்கோ ஆப்டிகல் ஃப்ளோவோ ஓடிக்கொண்டிருக்கிறது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் ஃபிரேம் சாம்ப்ளிங் என்றும், டாவின்சி ரிசால்வில் நியரஸ்ட் என்றும் மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபிரேம் கணக்கு ஒத்துப்போகவில்லை. நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்து 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டு 125 சதவீதம் வைத்தால், மென்பொருள் சில இடங்களில் ஒரு ஃபிரேமையும் சில இடங்களில் எதையும் விடாமலும் தாண்டித் தாண்டிப் போகும், நடை நொண்டும். 60 ஃபிரேமில் எடுத்து அதே 24 டைம்லைனில் 120 சதவீதம் வைத்தால் சரியாக ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமும் எடுக்கப்படும். அது 20 ஃபிரேமில் சுற்றி எடுத்ததற்குச் சமம், நடையும் சீராக இருக்கும். 60-இல் எடுக்க வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் வெயிலில் எடுப்பவர்களுக்கே இது எளிது.

கைபேசி சீரில்லாத வேகத்தில் பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலான கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வீதத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். இசையோடு அசைவு போகப் போக விலகினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடிட்டிங்கின் நடுவில் மாற்றினால் வெட்டுகள் எல்லாம் இடம் பெயரும்.

நடிகர் ஏற்கெனவே அவசரப்பட்டிருக்கிறார். இது விலை கூடிய காரணம். 18 ஃபிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒரு நிமிட நடிப்பு 45 நொடியில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு நொடித் தயக்கம் முக்கால் நொடியாகச் சுருங்கிக் கண்ணில் படாமலே போகும். நடிகர்கள் நடப்பதை இயல்பாக நடந்து, நிற்கும் இடங்களில் வழக்கத்தைவிட நீளமாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஒப்பேற்றலாம். முழுக்க மறைக்க முடியாது.

## அறிகுறி: அடி பொய்யாகத் தெரிகிறது

ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள். அடி வருவதற்கு முன்பே அடிபடுபவர் தலையைத் திருப்பியிருந்தால், திருப்பும் இடத்துக்கும் கை கடக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று ஃபிரேம்களை வெட்டி எடுங்கள். கேமரா ட்ரைபாடில் அசையாமல் நின்றிருந்தால் இந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது, அடிக்கு ஒரு சுளீர் கிடைக்கும். கேமரா கையில் இருந்திருந்தால் பின்னணி துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிப்பவரும் அடிபடுபவரும் பக்கவாட்டில் நின்றிருந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி பளிச்சென்று தெரியும். கேமராவிலிருந்து பார்க்கும்போது ஒருவருக்குப் பின்னால் மற்றவர் வரும்படி நிற்கவைத்து, கை கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவே கடந்து போகும்படி எடுத்தால் ஒரு சாண் இடைவெளியும் தெரியாது.

அடுத்தது எடை. நடிகர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார், தோள் ஒரு பக்கம் சாயவே இல்லை. பிறகு அந்தக் குடத்தைப் போட்டுக்கொண்டு கால் வலிப்பதாகக் குதிக்கிறார். எவரும் நம்ப மாட்டார். தூக்கி வரும் ஷாட்டில் குடத்தில் பாதித் தண்ணீர் இருக்க வேண்டும், பெட்டிக்குள் பழைய செய்தித்தாள் கட்டு இருக்க வேண்டும். போடும் ஷாட்டில் மட்டும் காலியானதை மாற்றிக்கொள்ளலாம். பலகை, ஏணி போன்றவை தலையில் படும் கட்டங்களில் தெர்மாகோலைத் தவிர்த்துவிடுங்கள்; ஓரம் உடைந்ததும் வெள்ளைத் துகள் பறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடும். மெத்தைக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஃபோமை வெட்டிப் பழுப்புத் தாள் ஒட்டினால் கறுப்பு வெள்ளையில் மரமாகவே தெரியும்.

முகத்தில் எறிய இட்லி மாவைக் கொண்டுவருகிறார்கள். அது ஒட்டாமல் வழிந்துவிடும். மைதாப் பசை ஒட்டும், ஆனால் இறுகி இமை மயிரைப் பிடுங்கும். சவர நுரை கண்ணை எரிக்கும். பேக்கரியில் கேட்டு வாங்கும் விப் கிரீம்தான் சரி. சாப்பிடும் கட்டமாக இருந்தால் பொருள் உண்ணக்கூடியதாகவே இருக்க வேண்டும்: 1925-இல் சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் தின்ற பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது.

### எப்போது ஸ்டண்ட் மாஸ்டரை அழைக்க வேண்டும்

இடுப்பு உயரத்துக்கு மேலிருந்து விழுதல், மாடிப்படி, ஓடும் வாகனம், நெருப்பு, கிணறு அல்லது குளம், மொட்டை மாடியின் விளிம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கதையில் இருந்தால், கோளாறு வரும்வரை காத்திராமல் எழுதும்போதே பயிற்சி பெற்ற ஸ்டண்ட் மாஸ்டரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். 'மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் செய்யவில்லையா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்தார்: 1928-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முகப்பு முழுவதும் அவர்மேல் விழ, திறந்த சன்னல் இருந்த இடத்தில் நின்றிருந்ததால் தப்பினார். அவரே 1924-இல் ரயில் பாதையில் நீர்த்தொட்டிக் குழாய்த் தண்ணீர் அடித்து விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து, பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அதைத் தெரிந்துகொண்டார். இன்னொரு மௌனப்பட நடிகரான ஹெரால்டு லாயிட் 1919-இல் போலி வெடிகுண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது வெடித்து, வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். 1923-இல் கடிகார முள்ளில் தொங்கும் புகழ்பெற்ற கட்டத்தை எடுத்தபோதும், கட்டடத்தின் கூரைமேல் செட் போட்டு, கீழே தெரு தெரியும் கோணத்தில் கேமராவை வைத்தே எடுத்தார்கள்.

சுவர் ஏறும் கட்டம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத் தரையே சுவர். செங்கல் வரைந்த துணியைத் தரையில் விரித்து, நடிகரை அதன்மேல் தவழவைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். இங்கே வரும் கோளாறு ஒன்றுதான்: துணியின் போக்கு. தரையில் தவழ்பவரின் சட்டை முனையும் துண்டும் தரையை நோக்கிச் சரியும். சுவரில் தொங்குபவருக்கு அவை காலை நோக்கித் தொங்க வேண்டும். சட்டையை உள்ளே செருகி, துண்டின் முனையை நைலான் நூலால் காலின் பக்கம் இழுத்துக் கட்டினால் போதும்.

## அறிகுறி: பழைய படம் போலத் தெரியாமல் ஃபில்டர் போட்டதுபோல் தெரிகிறது

கீறல் எஃபெக்ட்டை முதலில் எடுத்துவிடுங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை அதே மயிரிழை அதே இடத்தில் வந்து போவதைப் பார்ப்பவர் இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். நன்கு பாதுகாக்கப்பட்ட மௌனப்படப் பிரதிகள் இன்றும் தெளிவாகவே இருக்கின்றன. கீறல் முதுமையின் அடையாளமே தவிர, பாணியின் அடையாளமில்லை.

பிறகு சாம்பல் நிறம். 1920-களின் நடுப்பகுதி வரை பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் தெரியும். அதனால் வானம் வெளுத்தும் உதடு கறுத்தும் படமாகின. வெறுமனே வண்ணத்தை உறிஞ்சினால் இது வராது. எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும் என்று மாற்றும் கறுப்பு வெள்ளை மிக்ஸரில் சிவப்பைக் குறைத்து, பச்சையையும் நீலத்தையும் ஏற்ற வேண்டும். ஆனால் இணையத்தில் சொல்வதுபோல் சிவப்பைப் பூஜ்யமாக்கினால் நம்மவர்களின் மாநிறம் கரியாகி, முகபாவம் காணாமல் போகும், பழைய பருத் தழும்புகள் மட்டும் எடுப்பாகத் தெரியும். சிவப்பு 15, பச்சை 60, நீலம் 25 என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் முகம் தெரியவில்லை என்றால் ஒப்பனையில்தான் தீர்வு: சற்று வெளிறிய பூச்சு, கண்ணைச் சுற்றி அழுத்தமாக மை. அரக்குப் புடவையும் குங்குமமும் கறுப்பாகவே வரும் என்பதால், வில்லிக்கு அரக்கும் நாயகிக்கு வெளிர் நீலமும் உடுத்தினால் தூரத்திலேயே ஆள் பிரிந்து தெரியும்.

சட்டகம் 4:3 ஆக இருக்கட்டும். 1080 உயரத்துக்கு 1440 அகலம். எடுத்த பிறகு வெட்டினால் ஓரத்தில் நிற்பவர் போய்விடுவார், ஆகவே படம்பிடிக்கும்போதே திரையில் இரண்டு பக்கமும் காகிதப் பட்டை ஒட்டிவிடுங்கள். கைபேசியின் போர்ட்ரெய்ட் முறையில் பின்னணி மங்குவதும், கிம்பல் என்ற ஆட்டம் தடுக்கும் பிடியின் மிதக்கும் அசைவும் வேண்டாம். இரவுக் காட்சிக்கு நீலச் சாயலும் விளக்கொளிக்கு மஞ்சள் சாயலும் கொடுப்பது பொருத்தமானதே, அந்தக் காலத்துப் பிரதிகளுக்கும் அப்படிச் சாயம் ஏற்றினார்கள்.

ஒளி முரடாக இருக்கிறது என்றால் நிழலைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ஆரம்பகால ஸ்டுடியோக்கள் திறந்தவெளி மேடைக்கு மேல் மெல்லிய மஸ்லின் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டின. எட்டு முழ வெள்ளை வேட்டிகள் இரண்டை மொட்டை மாடியில் கொடிக்கயிற்றின் குறுக்கே கட்டினால் அதே பலன் கிடைக்கும். கண்ணுக்குக் கீழே விழும் கறுப்பு நிழல் மறைந்துவிடும். காற்றடித்தால் வேட்டி படபடத்து வெளிச்சமும் துடிக்கும், காற்று எழும் முன்னரே எடுத்து முடிக்கப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஷாட்டுக்கு ஷாட் சாம்பல் மாறுகிறது என்றால் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட் ஒருவரிடம் கொடுக்கலாம். ஐந்து நிமிடப் படத்துக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.

## அறிகுறி: வெளிச்சம் துடிக்கிறது

ஷாட்டின் நடுவில் மெல்லக் கூடிக் குறைந்தால் வெளிச்ச அளவைக் கைபேசி தானே மாற்றும் தானியங்கி எக்ஸ்போஷர் காரணம். திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு எடுங்கள். விளக்கின் கீழ் மட்டும் பட்டை பட்டையாக ஓடினால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் கொண்டு ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். மலிவான எல்இடி விளக்கானால் அதுவும் உதவாமல் போகலாம், விளக்கையே மாற்றுங்கள்.

## அறிகுறி: டைட்டில் கார்டு வந்ததும் படம் தொய்கிறது

முதலில், நடுவே எழுத்தாக வரும் ஒவ்வொரு கார்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை புரிகிறது என்றால் அந்தக் கார்டு வேண்டாம். 1987-இல் வந்த 'பேசும் படம்' முழுநீளக் கதையையே வசனமில்லாமல் சொன்னது. ஐந்து நிமிடப் படத்துக்குப் பன்னிரண்டு கார்டுகள் எதற்கு?

எஞ்சியவற்றில், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிடும் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐயோ, வழுக்கி விழப் போகிறான்!' என்று எழுதிக் காட்டிவிட்டு விழவைத்தால் என்ன மிச்சம்? பேச்சுக் கார்டை, வாய் திறந்த பிறகு வெட்டிப் போட்டு, வாய் மூடும் இடத்துக்குத் திரும்பினால் ஓட்டம் தடைப்படாது. நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, கார்டை வாய்விட்டு நிதானமாக ஒரு முறை படித்து, பிறகு வேகமாக இன்னொரு முறை படித்து முடிக்கும் நேரம்.

கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்றால் குற்றம் எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. பிரீமியரில் விருப்பத்தேர்வுகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்தமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றிவிட்டு, புதிதாக ஒரு கார்டு தட்டெழுதிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் வேறொரு செயலியில் கார்டை உருவாக்கி, பிஎன்ஜி படமாகச் சேர்த்துவிடலாம். செலவு செய்ய மனமிருந்தால், ஊரில் சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஒருவரிடம் கறுப்பு அட்டையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதச் சொல்லிப் படம்பிடியுங்கள். எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகாது.

## அறிகுறி: படம் ஓடி முடிவதற்குள் சலிப்பு வருகிறது

அந்தக் காலத்து ஒரு ரீல் 1000 அடி. 16 ஃபிரேம் வேகத்தில் அது ஏறக்குறைய பதினாறரை நிமிடம் ஓடும். அதைப் பார்த்துத் தங்கள் படத்தையும் பதினைந்து நிமிடத்துக்கு இழுக்கிறார்கள். மூன்று நல்ல கட்டங்கள் இருந்தால் மூன்று நிமிடம் போதும். நடந்து வருவது, கதவைத் திறப்பது, உட்காருவது ஆகியவற்றை வெட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். கட்டங்களுக்குள் இருக்கும் காத்திருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

## அறிகுறி: இசை சேர்த்ததும் சிரிப்பு குறைந்துவிட்டது, அல்லது உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது

முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் பியானோ ஓடினால், இரண்டாவது நிமிடத்தில் காது அதை விட்டுவிடும். விழுவதற்குச் சற்று முன்னால் இசையை முழுவதும் நிறுத்திவிட்டு, விழுந்த பிறகு மீண்டும் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஜால்ரா போடுவதையும் குறையுங்கள். படத்தில் மிகப் பெரிய அடி எதுவோ அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யூட்யூபில் ஏற்றியதும் 'இந்த இசை எங்களுடையது' என்று உரிமைக் கோரிக்கை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இசையமைப்பு பழையது, ஒலிப்பதிவு புதியது. மௌனப்படங்களோடு சேர்த்துக் கேட்கும் துள்ளலான ராக்டைம் பியானோ மெட்டுகளை இயற்றிய ஸ்காட் ஜாப்ளின் 1917-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவர் மெட்டை யாரும் வாசிக்கலாம். ஆனால் அதை வேறொருவர் வாசித்துப் பதிவு செய்து வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தனியாக 60 ஆண்டு உரிமை உண்டு. கோரிக்கை அறிவிப்பைத் திறந்து, அது மெட்டைக் குறித்ததா பதிவைக் குறித்ததா என்று பாருங்கள். பதிவைக் குறித்தது என்றால், கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அதே மெட்டை வாசிக்கச் செய்து, அந்தப் பதிவைச் சேர்த்துப் புதிதாக ஏற்றுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்து அவரே பிடித்துக்கொள்வார் என்பதால் முதலில் சொன்ன கோளாறும் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு திரையிடும் எண்ணமிருந்தால் மட்டும், ஏற்றுவதற்கு முன்பே பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயன்படுத்திய பாடல்களின் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.